அழுதால் கதவு திறக்கும்

மனித குலத்தைப் பிடித்த மனப்பாடம் என்னும் நோய், வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளோடு முடிவுக்கு வருகிறது என்று வரலாற்று ஆசிரியர் பூவராகன் அறிவித்தார். பெரியம்மை போயிற்று, போலியோ போயிற்று, அடுத்தது இதுதான் என்றார். சிரிக்கவில்லை. கோடை விடுமுறைக்கு முந்தின நாள் மதியம், ஆசிரியர் ஓய்வறை. எழுந்து நின்றுதான் சொன்னார். இப்படிப்பட்ட அறிவிப்பை உட்கார்ந்துகொண்டு செய்வது வருங்காலத்துக்குச் செய்கிற அவமரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அதுக்கு முன்னாடி அந்த ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளுங்க சார்,” என்றார் எஸ்தர் ராஜகுமாரி.

எஸ்தர் அந்தப் பள்ளியின் இன்னொரு சமூக அறிவியல் ஆசிரியை. அவருடைய கல்வி முறை எளிமையானது. மாலை மணி அடித்ததும் அவர் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் குழுக்குழுவாக உட்கார வேண்டும். குழுவுக்கு ஒரு தலைவி. அன்றைய பதிலைக் கைகட்டித் தலைவியிடம் ஒப்பித்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒப்பிக்காதவர்கள், ஒப்பிக்கிறவரை இருக்கலாம். அவரிடம் படித்த யாரும் பொதுத் தேர்வில் தோற்றதில்லை. அவரிடம் படித்த யாருக்கும் எதுவும் புரிந்ததும் இல்லை என்பது பூவராகனின் கட்சி.

“மேடம் நடத்துறது பள்ளிக்கூடம் இல்ல, கிளைச்சிறை. ஒப்பிச்சா ஜாமீன்,” என்று சொல்லிவிட்டு, அந்த வராந்தாவை நடித்தும் காட்டினார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். கண்ணை மேல்கூரைக்கு அனுப்பினார். முன்னும் பின்னும் ஆடியபடி மூக்கால் பேசினார். “தாது வருஷப் பஞ்சத்திற்கான காரணங்கள் யாவை. ஒன்று, பருவமழை பொய்த்தது. இரண்டு, பருவமழை மறுபடியும் பொய்த்தது. டீச்சர், ஒண்ணுக்கு வருது.”

ஓய்வறை சிரித்தது. எஸ்தரும் சிரித்தார். மோர்மிளகாயைக் கடித்தபடி, “சரி, உங்க முறையில பஞ்சத்தை எப்படி நடத்துவீங்க?” என்று கேட்டார்.

“நடத்த மாட்டேன். உள்ள அனுப்புவேன்.”

“எதுக்குள்ள?”

“பஞ்சத்துக்குள்ள.”

“மத்தியானம் சத்துணவுக்குத் திரும்பிடுவாங்கல்ல? தலை எண்ணிச் சொல்றது என் டூட்டி சார்.”

பூவராகன் சொன்னது மெய்ப்பாடு என்ற புதிய பாடமுறையை. இந்தப் பெயரை வைப்பதற்காகவே ஒரு குழு அமைத்து, அந்தக் குழு பலமுறை கூடி, டீ குடித்துக் கலைந்தது. பூவராகன் சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, முன்னோடி ஆசிரியர் என்று எழுதிய பையோடு திரும்பியிருந்தார். வரலாற்றை எழுதிக் காட்டுவதல்ல, உணர வைப்பதே கல்வி என்பது மெய்ப்பாட்டின் கொள்கை. உணர்ந்தார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, பரீட்சை வைத்தல்ல, நாடி பிடித்து என்று பதில் கண்டுபிடித்திருந்தார்கள்.

பள்ளியின் பழைய அறிவியல் ஆய்வகத்தை அதற்கு ஒதுக்கினார்கள். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நான்கு சுவரும் திரையாயின. கூரையிலிருந்து அனல்காற்று வரும், வாசனை வரும், தூரத்தில் நாய் குரைக்கும். பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அது நாடித் துடிப்பையும் வியர்வையையும் படிக்கும், சுவரிலுள்ள கேமரா முகத்தைப் படிக்கும். மனம் உருகினால் பட்டை பச்சை. உருகாவிட்டால் சிவப்பு. சிரிப்பு, கோபம், கொட்டாவி மாதிரி பாடத்துக்குப் பொருந்தாத உணர்ச்சி வந்தால் ஊதா. ஒரு கையில் ஊதா எரிந்தாலும் காட்சி முதலிலிருந்து தொடங்கும்.

அந்த உப்பளக் கரை ஊருக்கு எதிர்காலம் அதற்கு முன்பும் வந்திருக்கிறது. ஓட்டுநரே இல்லாத டவுன் பஸ் வந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நிற்காமல் போகிற பழக்கத்தை மட்டும் அது எப்படியோ கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் மெய்ப்பாடு அப்படியில்லை. முதல் நாளிலேயே நின்று வேலை செய்தது.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு உள்ளே போனது. தாது வருஷத்து வெயில். பட்டினி கிடப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் கஞ்சித்தொட்டியின் மூங்கில் வேலிக்கு வெளியே வரிசை. எலும்பும் தோலுமாக ஒரு தாய், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். அவள் முறை வரும்போது வேலிப் படலைச் சாத்தினார்கள். அவள் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரிய பிள்ளையின் கை அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. வகுப்பு முழுக்க விம்மியது. பூவராகனும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து எஸ்தரிடம், “புத்தகத்துல இது ஒரு பத்தி மேடம். ஒரு பத்தி,” என்றார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை நிஜமாகவே அடைத்திருந்தது.

இரண்டாம் வாரம் சில பிள்ளைகள் பாதிக் காட்சியில் எழுந்து வெளியே ஓடினார்கள். வீட்டில் சோறு இறங்கவில்லை என்று பெற்றோர் வந்து புகார் கொடுத்தார்கள். மேலிடம் மனநல நிபுணர்களைக் கேட்டது. துக்கத்தைப் பாதியில் விட்டால்தான் மனம் பாதிக்கும், முழுதாக முடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே பிள்ளைகளின் நலனை முன்னிட்டுக் கதவுக்குத் தானியங்கிப் பூட்டுப் போட்டார்கள். எல்லாருடைய பட்டையும் பச்சையானால் திறக்கும். இல்லாவிட்டால் காட்சி திரும்ப ஓடும். மாலை மணி அடிக்கும்வரை யாராவது சிவப்பாகவே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மெய்ப்பாடு இல்லை என்று பதிந்துகொண்டு திறக்கும்.

“தீப்பிடிச்சா மட்டும் உடனே தொறந்துடுமாம்,” என்று பூவராகன் வகுப்பில் விளக்கினார். பாதுகாப்பு ஏற்பாட்டைப் பிள்ளைகள் மெச்ச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“சார், சின்னதா ஒரு தீ வெச்சுப் பாக்கலாமா?” என்று கேட்டான் பிரகலாதன்.

அவன்தான் பி பிரிவின் அழுகைக்காரன். காட்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவன் கையில் பச்சை எரிந்துவிடும். மாவட்ட அளவில் பாராட்டுச் சான்றிதழ் வாங்கியவன். சான்றிதழ் வாங்கும்போது மேடையிலும் அழுதான்.

மூன்று முறை சிவப்பு வாங்கியவர்களை மாவட்டத் தலைநகரிலுள்ள உணர்வு வளர்ப்பு முகாமுக்கு ஒரு பருவம் முழுக்க அனுப்புவார்கள். அங்கேயே தங்க வேண்டும். நாள் முழுவதும் பஞ்சம், போர், கொள்ளைநோய் என்று மாற்றி மாற்றி ஓடும். பி பிரிவிலிருந்து கிஷோர் என்ற பையன் போய் வந்தான். போகும்போது எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவன். திரும்பி வந்ததும் வருகைப் பதிவில் தன் பெயரைக் கேட்டால் அழுதான். சாக்பீஸ் உடைந்தால் அழுதான். அவன் அறிக்கையில் மிக நன்று என்று போட்டிருந்தது. அவன் அம்மா பள்ளிக்கு வந்து, “முன்ன மாதிரி எதுத்துப் பேசுறதில்ல சார், சொன்ன சொல் கேக்குறான்,” என்று பூவராகனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். பூவராகன் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் புதிய முறைகளில் தொடக்கத்தில் சில சில்லறைக் குறைகள் இருக்கத்தான் செய்யும் என்று எஸ்தரிடம் சொன்னார். எஸ்தர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இப்போது சங்கவியின் முறை.

சங்கவி உப்பளத்தில் வரப்புக் கட்டுகிறவரின் மகள். போன இரண்டு வகுப்பிலும் சிவப்பு. அடுத்த மெய்ப்பாட்டு வகுப்பு அன்று மதியத்துக்கு மேல். பூவராகன் அவளை வராந்தாவின் கோடிக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உனக்குக் கொஞ்சம்கூட வருத்தமே வரலையா?”

“வருது சார்.”

“அப்புறம் ஏன் செவப்பு காட்டுது?”

“எனக்கு இன்னா தெரியும். அதைத்தான் கேக்கணும்.” மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “சார், அந்தம்மா ஒக்காந்துனு இருக்கும்ல, அதுக்குப் பின்னாடி ரோட்டுல மாட்டு வண்டிங்க போவும். பாத்துருக்கீங்களா?”

பூவராகன் பார்த்ததில்லை. எத்தனையோ முறை உள்ளே போயிருந்தும் பார்த்ததில்லை.

“வரிசையா போவும் சார். மூட்டை மூட்டையா. ஒரு மூட்டையில ஓட்டை, அதுலேர்ந்து தானியம் ஒழுவினே போவும். அது எங்க போவுது?”

“அது சும்மா பின்னணிக்குப் போட்டிருப்பாங்க.”

“சும்மாவா இருக்கட்டும். ஊருக்கே சோறு இல்லன்றாங்க, அது எங்க போவுதுன்னு பாக்கலாம்னு நானும் வண்டி பின்னாடி போனா, இழுத்துனு வந்து மறுபடியும் அந்தம்மா மூஞ்சி எதுர்லயே வுட்டுடுது. அந்தப் பக்கம் திரும்பவே வுடல.”

“சரி. இப்ப அழுதுடு. கேள்வியை அப்புறமா கேட்டுக்கலாம்.”

“அழுதா மறந்துடுது சார். நேத்து பிரகலாதன்கிட்ட என்னாத்துக்குடா அழுவுறேன்னு கேட்டேன். பஞ்சம்னான். எதனால பஞ்சம்னு கேட்டா, மறுபடியும் அழுவுறான்.”

பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “இன்னிக்கும் செவப்புன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியும். முகாமுக்குல்லாம் அனுப்ப மாட்டேன், படிச்ச வரைக்கும் போதும்னு எங்கப்பா சொல்லிட்டாரு. உப்பு வாரப் போயிடலாம்னாரு.” இதை அவள் டவுன் பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். “நான் காலேஜ் வரைக்கும் படிக்கணும் சார்.”

அப்போது தலைமையாசிரியர் கோதண்டம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் ஒரு புதிய பட்டை, கொஞ்சம் பெரிய அளவு.

“புதுப் பதிப்பு வந்துருக்கு சார். இன்னிலேர்ந்து டீச்சருக்கும் உண்டாம். ஆசிரியரே கல்லாக இருந்தால் மாணவர் எவ்வாறு உருகுவார்னு சுற்றறிக்கையில போட்டிருக்கான்.”

“எனக்கா? நான் இதை ஜூன்லேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“அப்ப உங்களுக்கு நல்லா பழக்கமிருக்கும்,” என்று கோதண்டம் மகிழ்ச்சியோடு அதை அவர் கையில் மாட்டினார். “நீங்க செவப்புன்னா கிளாஸ்ல யாரோட பச்சையும் செல்லாதாம். பாத்துக்குங்க சார். மேலேர்ந்து போன் வந்தா என்னால பேச முடியாது, எனக்குச் சுகர்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழும் ஓசை, புதுக் குளிர்பெட்டியின் கதவை மூடுகிற மாதிரி மெதுவாக இருந்தது.

வெயில் ஏறியது. வேலி வந்தது. வரிசை வந்தது. பூவராகன் இந்தத் தடவை அந்தத் தாயைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். வண்டிகள் போயின. மூட்டைகள். ஒரு மூட்டையின் ஓட்டையிலிருந்து மெல்லிய நூல் மாதிரி தானியம் சாலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சுவரில் இது இத்தனை நாள் ஓடியிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் ஓரடி வைத்தார். சுவர்கள் சத்தமில்லாமல் சுழன்றன. தாயின் முகம் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றது.

பையின் மேல் எழுதியிருந்த முன்னோடி என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள் சொல்வது என்று அவருக்கு ஒரு யோசனை ஓடியது. அதை ஓரம் தள்ளினார்.

காட்சி முடிந்தது. பச்சை, பச்சை, பச்சை என்று வரிசையாக எரிந்தது. சங்கவி சிவப்பு. பூவராகன் சிவப்பு.

“அவசரமில்லை. சிறிது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்,” என்றது சுவரிலிருந்து ஒரு கனிவான பெண் குரல். கதவு அசையவில்லை.

இரண்டாம் முறை ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். சங்கவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்.”

“எங்க போவுது?”

வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் அவர். ஒரு காலத்தில் தெரிந்திருந்ததுதான். பஞ்சத்தைப் பற்றி இப்போது நினைக்கப் போனால், நழுவி விழுகிற ஒரு சின்னக் கை மட்டும்தான் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே வரவில்லை. இத்தனை மாதமாக அவரும் அந்தத் தாயின் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“தெரியலம்மா,” என்றார்.

“எனக்குத் தெரியும் சார்,” என்றான் பிரகலாதன்.

“உனக்கா?”

“எங்க அக்கா எஸ்தர் டீச்சர் கிளாசு. வீட்டுல கத்திக் கத்திப் படிச்சு என் காதே செவிடாப் போச்சு.” அவன் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். “நான்காவது, மக்கள் பட்டினியால் மாண்டபோதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து வெளிநாடுகளுக்குத் தானிய ஏற்றுமதி தங்குதடையின்றி நடைபெற்றது. ஐந்தாவது, நிவாரணக் கூலியை ஆங்கிலேய அரசு குறைத்தது.” மூச்சு வாங்கினான். “அப்டின்னா இன்னா சார்?”

சங்கவி வண்டிகள் போன சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“கப்பல்ல போச்சுன்னு அர்த்தம்,” என்றாள் சங்கவி.

“ஆமா,” என்றார் பூவராகன். அவருக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. “கப்பல்ல போச்சு. விலை எங்க அதிகமோ அங்க போச்சு. வியாபாரத்துல கை வைக்கக் கூடாதுன்னு அரசாங்கம் வேடிக்கை பார்த்துச்சு.”

“அந்தம்மா கண்ணு முன்னாடியேவா?”

“கண்ணு முன்னாடியேதான்.”

சங்கவியின் கை எரிந்தது. பச்சையல்ல. நல்ல அடர்த்தியான ஊதா. அவள் தாடை இறுகியிருந்தது. அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து கைகளில் ஊதா எரிந்தது. பூவராகன் குனிந்து பார்த்தார். அவர் கையிலும் அதுதான்.

“பாடத்துக்குப் பொருந்தாத உணர்ச்சிகள் காணப்படுகின்றன,” என்றது குரல், அதே கனிவோடு. “மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோம்.”

தன் ஆசிரியர் வாழ்க்கையில் ஒரு வகுப்புக்கு வரலாறு புரிந்த ஒரே நிமிடம் அதுவாகத்தான் இருக்கும் என்று பூவராகன் நினைத்தார். அந்த நிமிடம் மட்டும் கணக்கில் சேராது. வெயில் மறுபடி ஏறத் தொடங்கியது.

மாலை மணிக்கு அதிக நேரம் இல்லை. சங்கவி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவளால் ஊதாவை அணைக்க முடியவில்லை. அணைந்தால் சிவப்பு வந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தபோதுதான், அந்தப் பெண் பயந்து அவர் முதல் முறையாகப் பார்த்தார்.

“பிரகலாதா, இங்க வா. நீ எதை நினைச்சு அழற? இவளுக்குச் சொல்லு.”

பிரகலாதன் நெளிந்தான். பின்னால் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்து, ஊதா எரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“சொல்லுடா.”

“எதையும் நெனைக்க மாட்டேன் சார். கண்ணைச் சிமிட்டாம ஒரே எடத்தைப் பாப்பேன். மூச்சைப் பாதியில புடிச்சுக்குவேன். தானா தண்ணி வந்துடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பட்டைக்கு அது போதும்.”

“அந்த சர்டிபிகேட்டு?”

“அதுக்கும் அதான் சார்.”

பூவராகன் மற்றவர்களைப் பார்த்தார். “யாருக்கெல்லாம் இது தெரியும்?”

கைகள் உயர்ந்தன. பச்சையாக எரிந்த கைகளில் ஒன்றைத் தவிர எல்லாமே உயர்ந்தன. கிஷோர் கை தூக்கவில்லை. கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது என்பதற்காக அழுதுகொண்டிருந்தான். அவன் ஒருவன்தான் அந்த அறையில் நிஜமாக அழுதவன்.

“எப்பலேர்ந்துடா?”

“கதவு பூட்டு போட்டாங்கல்ல சார், அன்னிலேர்ந்து,” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஆறுதல் சொல்கிற குரலில். “மொத வாரம் நெஜமாத்தான் அழுதோம் சார். நீங்க வருத்தப்படாதீங்க.”

வருத்தப்படுவதற்கு நேரமில்லை. பிரகலாதன் சங்கவிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றான். அவனுக்குச் செய்யத் தெரிந்ததே தவிரச் சொல்லத் தெரியவில்லை. அப்டியே இரு, இப்டி இல்ல, அப்டி என்றான். சங்கவி கண்ணை விரித்தாள், இருமினாள், சிவப்பானாள். வேலிக்கு வெளியே வரிசை நகர ஆரம்பித்தது. படல் சாத்துவதற்குள் அவள் பச்சையாக வேண்டும்.

பூவராகன் அவள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இதைப் பிரித்துச் சொன்னால்தான் ஏறும் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று அந்த நேரத்தில் அவர் ஆராயவில்லை.

“நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. ஒன்று, கண்ணை இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.”

“ஒன்று, கண்ணை இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.”

“இரண்டு, மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும்.”

“நிறுத்த வேண்டும்.”

“முழுசா சொல்லு. மூன்று, எச்சிலை விழுங்காமல் தொண்டையில் தேக்க வேண்டும். நான்கு...” அவர் நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். “நான்கு, எதனால் என்று யோசிக்கக் கூடாது.”

சங்கவி அவரை நேராகப் பார்த்தாள். “அது எதுக்கு சார்?”

“அதுதான்ம்மா முக்கியமான பாயிண்ட்டு. சொல்லு.”

“நான்கு, எதனால் என்று யோசிக்கக் கூடாது.”

“ஐந்து, உதடு தானாக நடுங்கும்வரை விடக் கூடாது. மொதல்லேர்ந்து சொல்லு.”

அவள் முதலிலிருந்து சொன்னாள். தடுக்கினாள். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை தடுக்கவில்லை. புத்திசாலிப் பெண், சீக்கிரம் ஏறியது. சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று, ஓட்டை மூட்டையிலிருந்து போகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. படலைச் சாத்தினார்கள். தாய் உட்கார்ந்தாள். சங்கவியின் கண்ணில் நீர் கோர்த்து, நிறைந்து, வழிந்தது. சின்னக் கை மண்ணில் விழுந்தது. அவள் கையில் பச்சை எரிந்தது. நல்ல பச்சை, இளம் நெற்பயிர் மாதிரி.

பிள்ளைகள் சத்தமில்லாமல் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். கதவைப் பார்த்தார்கள்.

கதவு திறக்கவில்லை.

“ஆசிரியர் இன்னும் உருகவில்லை,” என்றது குரல். “அவருக்காகச் சிறிது நேரம் காத்திருப்போம்.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பூவராகன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சிவப்பு. அவர் எழுந்து, அந்தத் தாயைப் பார்த்தார். முதல் நாள் தொண்டை அடைத்ததை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். வரவில்லை. அவளுக்குப் பின்னால் வண்டி போனது. சாலையில் தானியக் கோடு. துறைமுகம். பட்டை ஊதாவாகத் துடித்தது. காட்சி முதலுக்குத் திரும்பியது. தாய் எழுந்து நின்றாள், பிள்ளை உயிரோடு வந்தது, வரிசை நீண்டது.

“சார், மணி அடிக்கப் போவுது,” என்றான் பிரகலாதன். அவன் குரலில் விளையாட்டு இல்லை. “நீங்க செவப்புன்னா இவ பச்சை செல்லாதாமே.”

“தெரியும்டா.”

“அப்புறம் எதுக்கு ஊதா எரிய வுடுறீங்க?”

“நானா எரிய வுடுறேன்?”

சங்கவி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்தாள். கன்னத்தில் நீர் காய்ந்திருக்கவில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டிருக்கவில்லை.

“ஒக்காருங்க சார்,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

“கப்பல நெனைக்காதீங்க.”

“நினைக்கலம்மா.”

“நெனைக்கிறீங்க. கையில தெரியுது பாருங்க.”

அவர் கையை மறைக்கப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் சுற்றி அமைதியாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வேலிக்கு வெளியே அந்தத் தாய், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, மறுபடியும் தன் முறைக்காக நகர்ந்து வந்துகொண்டிருந்தாள்.

“சொல்லுங்க சார். மொதல்லேர்ந்து.”

பூவராகன் கண்களைக் கூரைக்கு உயர்த்தினார். உடம்பு தானாகவே முன்னும் பின்னும் மெல்ல ஆடத் தொடங்கியது.

“ஒன்று,” என்றார், “கண்ணை இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.”